சம்பந்தி பேரைப் பாட்டில் போடச் சொன்னது யார்?

தலைமையாசிரியர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். கும்பகோணத்தில், மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டே பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யால் ஒரு தாய் தன் மகள் வீட்டு வாசற்படியை மிதிக்க முடியாமல் இருக்கிறாள். ஏன் சொன்னீர்கள் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

நம் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்தின் மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி பிரபா வந்து கேட்டார். "நீங்க புனல் குழாய் காலத்துலேர்ந்து டீஜே வரைக்கும் பாத்தவங்க. புதுசா வர்ற பசங்களுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்கண்ணே" என்றார். எழுதுகிறேன், ஆனால் எதை எழுதினாலும் வெட்டாமல் போட வேண்டும் என்றேன். சரி என்றார். மலரை வெளியிட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். நம்ம ஹெச்.எம். சார்தான் என்றார். அப்போதே எதை எழுதுவது என்று முடிவாகிவிட்டது. பிரபாவுக்கு இது பிடிக்காது. சரி என்று சொன்ன வாய்தானே, போடட்டும்.

புதுப் பசங்களுக்கு முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கதை இல்லை. பத்தாம் வகுப்பில் தோற்றேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் கோபால்சாமி அண்ணன் மைக்செட் கடை வைத்திருந்தார். அங்கே போய் நின்றேன். பனைமரத்தில் ஏறிப் புனல் ஸ்பீக்கர் கட்டினேன், இசைத்தட்டுத் துடைத்தேன், பிறகு கேசட், பிறகு சிடி, பிறகு லேப்டாப். அண்ணன் கண்ணை மூடியபின் கடையை நானே எடுத்து நடத்தினேன். கடைசிப் பத்து வருஷம் என் பெயரே 'டீஜே பன்னீர்' ஆகிவிட்டது. தலை முழுக்க நரைத்தவனை டீஜே என்று கூப்பிட்டால் எனக்கே சிரிப்பு வரும். போன தை மாதம் முழங்கால் தேய்ந்து பெட்டி தூக்க முடியாமல் போனதும் சாமான்களை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான்.

அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுத வேண்டும். ஊருக்கெல்லாம் மைக் கட்டிய மனுஷன், வாழ்நாளில் ஒரு தடவைகூட மைக்கில் பேசியதில்லை. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நாங்கள் கத்தினால் முகத்தைச் சுளிப்பார். அவர் வந்து நடுவிரல் நகத்தால் மைக் தலையில் ஒரு சுண்டு சுண்டுவார். புனலிலிருந்து வருகிற சத்தத்தை வைத்தே எந்த வயரில் கோளாறு என்று கண்டுபிடிப்பார். பேச்சும் அப்படித்தான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். கோபம் வந்தால் திட்ட மாட்டார். தரையில் கிடக்கிற வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பிப்பார். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் மெதுவாக, முறுக்கு விழாமல் சுற்றுவார். அவர் வயர் சுற்றினால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

சீர்காழிப் பக்கம் ஒரு கல்யாணம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. காலையில் எல்லோரும் சந்தோஷமாகக் கேட்கிற மாதிரி ஒரு துள்ளல் பாட்டைப் போட்டேன். பாதிப் பாட்டில் பெண்ணின் அப்பா நடந்து வந்தார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "தம்பி, இந்தப் பாட்ட மட்டும் எடுத்துடுங்க" என்றார்.  லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய மூத்த மகன் எப்போதும் முணுமுணுக்கிற பாட்டாம் அது. பையன் விபத்தில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

அன்று அண்ணன் எங்களை வயரைத் தொட விடவில்லை. எல்லா வயரையும் தானே சுற்றினார். திரும்பி வருகிறபோது வண்டியில் சொன்னார்: "டேய் பன்னீரு, இனிமே கல்யாண வீட்டுக்குப் போனா என்ன பாட்டு வேணும்னு கேக்காத. என்ன பாட்டு வேணாம்னு கேளு. வேணுங்கிறது கடை பூரா கெடக்குது. வேணாங்கிறது அவங்க மனசுல மட்டும்தான் இருக்கும்."

இன்னொன்றும் சொன்னார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு மாமா ஒன்று போடச் சொல்ல, பெண்ணின் சித்தப்பா அதை நிறுத்தச் சொல்ல, என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணன் ஒரு விதிமுறை வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள். யார் என்று அந்த வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னால் பாட்டு, அவர் சொன்னால் நிறுத்தம். முதலமைச்சரே வந்து பாட்டு எழுதிச் சீட்டுக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இந்த இரண்டையும் நான் கடைசி வரை விட்டதில்லை. டீஜே வந்த பிறகு இது இன்னும் அவசியமாகிவிட்டது. முன்பெல்லாம் பாட்டு என்றால் பாட்டு. இப்போது எல்லோருக்கும் அவரவர் பாட்டு வேண்டும். மாப்பிள்ளை பைக்கில் வரும்போது ஒன்று, பெண் புகைக்கு நடுவில் வரும்போது ஒன்று, கல்லூரி நண்பர்கள் ஆடுவதற்கு ஒன்று, கேக் வெட்ட ஒன்று. பெயரைச் சேர், போனில் பேசிய குரலைச் சேர், எங்கள் நாய் குரைப்பதைச் சேர் என்றுகூட ஒருவர் கேட்டார். சேர்த்துக் கொடுத்தேன். நாய்தானே, அது எந்தக் குடும்பத்தையும் பிரிக்கவில்லை.

இப்போது அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஆனி மாதம். தேன்மொழி என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நீடாமங்கலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வெண்ணாற்றங்கரைக் கிராமம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை சரவணன், அதே கம்பெனி. கும்பகோணத்தில் வீடு. ஆவணியில் கல்யாணம், முதல் நாள் மாலை வரவேற்பு. பாட்டுகளை எல்லாம் போனில் அனுப்பி வைத்திருந்தாள். வேண்டாத பாட்டு எது என்று கேட்டேன். ஒரு பழைய பாட்டைச் சொன்னாள். "அப்பா குடிச்சுட்டு வந்தா அதத்தான் பாடுவாரு. அவரு போயி சேந்துட்டாரு, பாட்டு மட்டும் எதுக்கு மாமா?" என்றாள். குறித்துக்கொண்டேன்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "மாமா, நான் மேடைக்கு நடந்து வர்றப்ப சினிமாப் பாட்டு வேணாம். எங்கம்மா பாடுற நடவுப் பாட்டு வேணும். டிரம்ஸ் எல்லாம் சேத்து, கெத்தா."

அவளுடைய அம்மா அஞ்சம்மாள். சுற்று வட்டாரத்தில் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிற அம்மா. முன்பு கூலிக்கு நட்டவர். இப்போது குத்தகைக்குக் கொஞ்சம், சொந்தமாகக் கொஞ்சம் என்று தானே சாகுபடி செய்கிறார். அந்த வயல் வருமானத்தில்தான் இந்தப் பெண் படித்து மேலே வந்தாள்.

அஞ்சம்மாள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாண மண்டபத்துல சேத்துப் பாட்டா? சிரிப்பாங்கடி" என்றார். மகள் விடவில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் மைக் வைத்தேன். வாயே திறக்கவில்லை. திறந்தாலும் பாட்டு இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. நான்கைந்து தடவை பார்த்துவிட்டு அஞ்சம்மாளே எழுந்துவிட்டார்.

"குனிஞ்சாத்தான்யா பாட்டு வரும். நிமிந்து உக்காந்தா எனக்கு வீட்டுக் கவலதான் வருது."

ஆகவே வயலுக்குப் போனோம். மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு ஓடிக்கொண்டிருந்த நேரம். பாதி ஊரில் மெஷின் நடவு. கை நடவு நடக்கிற ஒரு வயலைத் தேடிப் பிடித்து, அஞ்சம்மாளின் முந்தானையில் சின்ன மைக்கைச் செருகினேன். காற்றுச் சத்தம் ஏறாமல் இருக்க மைக் மேல் பஞ்சு சுற்றினேன். கூட ருக்குமணி என்ற அம்மாவும் இன்னும் சில பெண்களும் வரிசையில் நின்றார்கள். முழங்கால் சேற்றில் குனிந்தார்கள். குனிந்த அடுத்த நிமிஷம் பாட்டு வந்தது பாருங்கள், எனக்கு ஹெட்போனைக் கழற்றவே மனம் வரவில்லை. சேற்றில் கால் எடுத்து வைக்கிற சளக் சளக் சத்தமும் அதிலேயே விழுந்தது. அதைத்தான் பின்னால் தாளமாக வைத்தேன். ஒரு கஷ்டம் என்னவென்றால், மெஷின் தாளம் கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடும். நடவுப் பாட்டு அப்படி ஓடாது. கையிலிருக்கிற நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு, தீர்ந்து அடுத்ததை எடுக்கும்போது பாட்டும் ஒரு மூச்சு நிற்கும். அந்த மூச்சை வெட்டி எடுத்துவிட்டால் பாட்டு செத்துப்போகிறது. டிரம்ஸை அதற்குத் தக்கபடி நிறுத்தி நிறுத்தி அடுக்கினேன். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

இந்தப் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. டவுன் ஆட்களுக்காகச் சொல்கிறேன். நடவு நடக்கும்போது வரப்பில் யாராவது வந்தால், பெண்கள் ஒரு நாற்று முடியை எடுத்து அவர் காலுக்கு முன்னால் வரப்பில் போடுவார்கள். அவர் பெயரைப் பாட்டில் சேர்த்துப் பாடுவார்கள். பாடினால் அவர் ஏதாவது காசு கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். பெரும்பாலும் வருகிறவர் நிலத்துக்காரர்தான். ஆகவே பாட்டில் வருவது மிராசுதார் பெயராகத்தான் இருக்கும். அஞ்சம்மாள் பாடியது இப்படி:

"வரப்பு மேல வர்றதாரு, வந்து நின்னு பாரு,
வயலுக்கெல்லாம் சொந்தக்காரி தேன்மொழி பேரு."

பாடி முடித்து நிமிர்ந்ததும் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். வியர்வையா கண்ணீரா தெரியவில்லை. "ஆயுசு பூரா அடுத்தவன் பேரத்தான் பாடியிருக்கேன். எம்பொண்ணு பேரப் போட்டு ஒரு தடவ பாடிட்டேன், போதும்" என்றார். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் பதிவாகிவிட்டது. அதை மட்டும் வெட்டி எடுத்து, தேன்மொழிக்குத் தனியாக அனுப்பினேன்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பா கலியமூர்த்தி மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். "எல்லாம் எங்கண்ணன்தான். அவர்ட்ட கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அண்ணன் நீங்கள்தான், தலைமையாசிரியர் ஐயா. உங்கள் தம்பி வாயால் சொல்லி, ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் என்ற முறைப்படி, உங்களிடம் வந்தேன்.

காலை நேரம். உங்கள் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சலில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் வீட்டம்மா காபி ஆற்றிக் கொடுத்தார்கள். வேண்டாத பாட்டு எது என்று கேட்டேன். "சாவு வீட்டுப் பாட்டத் தவிர எது வேணா போடுங்க" என்று சிரித்தீர்கள். பெண் வரும்போது போடப்போகிற நடவுப் பாட்டை என் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். இரண்டாம் தடவை போடச் சொன்னீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"பொண்ணு பேரு மட்டும் வந்தா எப்புடி பன்னீர்? சம்பந்தி பேரும் வரணும்ல? மாப்பிள்ளையும் அவன் அப்பா அம்மாவும் நடந்து வர்றப்ப, எந்தம்பி பேரப் போட்டு இன்னொரு அடி பாடச் சொல்லுங்க. வயலுக்கெல்லாம் சொந்தக்காரரு கலியமூர்த்தி. எப்புடி இருக்கும்! அவன்ட்ட சொல்லிடாதீங்க. திடீர்னு கேக்கட்டும்."

இதே வார்த்தைகள். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கும் அது தவறாகப் படவில்லை. நம் பக்கத்தில் ஒருவரைக் கௌரவிப்பது என்றால் பெயரைச் சொல்வதுதான். பிளக்ஸில் பெயர், மைக்கில் பெயர், அழைப்பிதழில் வரிசையாகப் பெயர். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டோடு பேச்சு நின்றுவிடும். அப்படியிருக்க, பாட்டில் பெயர் வந்தால் யாருக்குக் கோபம் வரும்?

அஞ்சம்மாளிடம் போய்ச் சொன்னேன். 

"சம்பந்தி பேரையா? அது நல்லாருக்குமா தம்பி?"

"ஹெச்.எம். சாரே சொன்னாங்கம்மா."

"படிச்சவங்க சொல்றாங்க. எம்பொண்ணு போயி வாழப் போற வீடு. நமக்கென்ன" என்று சொல்லிவிட்டு மறுபடி சேற்றில் இறங்கினார். ஆயுசு பூரா அடுத்தவன் பேரைத்தான் பாடினேன் என்று சொன்னவரை மறுபடியும் அடுத்தவர் பேரைப் பாட வைத்தேன். இந்த முறை பாடி முடித்ததும் மைக்கைக் கழற்றிக் கொடுத்தார். கால் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

வரவேற்பு அன்று மாலை. தேன்மொழி வந்தாள். பாட்டு அதிர்ந்தது. அந்தச் சேற்றுச் சத்தமும் டிரம்ஸும் சேர்ந்து ஓடியபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. சென்னைப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அஞ்சம்மாள் மேடை ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தொழிலில் அந்த இரண்டு நிமிஷத்துக்கு இணையாக ஒன்று இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்து மாப்பிள்ளை, அப்பா அம்மாவோடு வந்தார். இரண்டாவது அடி ஓடியது. "வயலுக்கெல்லாம் சொந்தக்காரரு கலியமூர்த்தி பேரு." சிவப்புக் கம்பளத்தில் கலியமூர்த்தி பாதி வழி வந்திருந்தார். பெயரைக் கேட்டு நடை தடுமாறியது. அதே நேரம், ஓரத்தில் நின்ற ருக்குமணியம்மா, தங்கள் குரல் இப்படிப் பெரிதாகக் கேட்கிற குஷியில், தூணில் கட்டியிருந்த தென்னங்குருத்துத் தோரணத்தை உருவி, நாற்று முடி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, அவர் காலுக்கு முன்னால் கம்பளத்தில் போட்டுவிட்டார்.

"சம்பந்தி ஐயா, தாண்டுங்க பாப்போம்!" என்று கையை நீட்டினார். கூட நின்ற பெண்களும் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்கள். அது விளையாட்டு. அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது விளையாட்டு என்று தெரியும்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கத்தினான்: "கூலி கேக்குறாங்கடா, சில்லற இருந்தா போடுங்கடா!"

சிரித்தார்கள். கலியமூர்த்தி சிரிக்கவில்லை. அந்தத் தென்னங்குருத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அதிகம் பேசாத மனுஷன் போட்ட சத்தம் எனக்கு ஸ்பீக்கரை மீறிக் கேட்டது.

"பாட்ட நிறுத்துய்யா!"

நிறுத்தினேன்.  "எம்பேர யாரு போடச் சொன்னது?" என்றார். பாட்டில் கேட்ட குரல் அஞ்சம்மாளுடையது. எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் கையில் மைக் இருந்தது. நான் அதில் பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் பேசினேன்.

"ஹெச்.எம். சார்தான் சொன்னாங்க."

நீங்கள் முன்வரிசையில் நின்றீர்கள். துண்டைச் சரிசெய்தீர்கள். "நானா? நான் எதுக்குய்யா அப்புடிச் சொல்லப் போறேன்?" என்றீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்த்த குரல். அதை யார் மறுத்துப் பேசுவார்கள்?

கலியமூர்த்தி அஞ்சம்மாளிடம் சொன்னார்: "எங்கம்மா இப்புடிப் பேரு பாடிப் பாடியே முதுகு ஒடிஞ்சு போனா. என்னக் கொண்டாந்து அந்த எடத்துல நிறுத்திட்டீங்களே."

எந்த இடம்? பாடுகிற இடமா, பாடப்படுகிற இடமா? எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. பாட்டின்படி அவர் வயலுக்குச் சொந்தக்காரர். சொந்தக்காரர் என்றால் எதற்கு அழ வேண்டும்? அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன்.

"நானாப் பாடல சம்பந்தி. பாடச் சொன்னாங்க" என்றார் அஞ்சம்மாள்.

கலியமூர்த்தியின் மனைவி ஒன்று சொன்னார். "காசு வேணும்னா தனியா கேட்டிருக்கலாம்ல? நாலு பேருக்கு முன்னாடிதான் கை நீட்டணுமா?"

 அஞ்சம்மாள் தூணை விட்டுவிட்டுப் பந்தி நடக்கிற பக்கம் போய்விட்டார். மறுநாள் தாலி கட்டும்போது கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று அட்சதை போட்டார். அது மணமக்கள் மேல் விழுந்திருக்காது.

இப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். மறுநாள் காலை, முகூர்த்தம் முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். கலியமூர்த்தி தனியாக வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"அந்தப் பாட்ட இதுல ஏத்திக் குடுங்க."

"எந்தப் பாட்டுங்க?"

"நேத்து போட்டீங்களே. எம்பேரு வர்றது."

ஏற்றிக் கொடுத்தேன். அங்கேயே காதில் வைத்துக் கேட்டார். முழுவதும் கேட்டார். கடைசியில், "டிரம்ஸ் இல்லாம இருக்கா?" என்றார். இருந்தது. அதையும் கொடுத்தேன். நன்றி என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். நிறுத்தச் சொன்னவரும் அவர்தான், கேட்டு வாங்கிப் போனவரும் அவர்தான். நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? என் வேலைக்காலம் முழுக்கப் பாட்டுப் போட்டவன் நான். ஒரு பாட்டு ஒரு ஆளுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன் சொன்ன முறை தவறா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாத பாட்டு எது என்று கேட்டேன், ஒரு வீட்டுக்கு ஒரு ஆளைத்தான் கேட்டேன். ஆனால் வேண்டாம் என்பது ஒருவர் மனதில் இருக்க, நான் கேட்டது இன்னொருவரை. அப்படியென்றால் முறையை மாற்ற வேண்டுமா? இரண்டு வீட்டிலும் எல்லோரையும் கேட்டால் கல்யாணத்துக்கே பாட்டு இருக்காது. புதுப் பசங்களுக்கு இதில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அண்ணன் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் வயர் சுற்றியிருப்பார்.

ஐயா, அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்தேன். இரண்டு தடவை நீங்கள் இல்லை என்றார்கள். செருப்பு வாசலில் கிடந்தது. மூன்றாம் தடவை நேரில் பிடித்தேன்.

"விடுங்க பன்னீர். கல்யாண வீடுன்னா ஆயிரம் நடக்கும்" என்றீர்கள்.

"நீங்க சொன்னீங்களா இல்லையா சார்?"

"சொன்னேன்னே வச்சுக்குவோம். இப்ப அதச் சொல்லி என்ன ஆவப் போவுது?"

என்னிடம் மட்டும் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாமாம். மண்டபத்தில் மட்டும் சொல்லவில்லையாம். இதில் எது நீங்கள்?

நானும் பல விதமாக யோசித்துப் பார்த்தேன். தம்பியின் கோபத்துக்குப் பயந்தீர்களா? தம்பிக்குப் பயப்படுகிற ஆள் மாதிரி நீங்கள் தெரியவில்லை. அஞ்சம்மாளை மட்டம் தட்ட வேண்டும் என்று நினைத்தீர்களா? அப்படியும் இல்லை, அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டவர் நீங்கள். கலியமூர்த்தியின் அம்மா உங்களுக்கும் அம்மாதான். அந்த அம்மா யார் வயலில் யார் பெயரைப் பாடினார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பெயர் ஒரு தடவையாவது வரட்டும் என்று ஆசைப்பட்டீர்களா? அப்படியென்றால் அதில் என்ன தப்பு? அஞ்சம்மாளுக்கும் அதே ஆசைதானே? அதைச் சொல்ல எதற்கு வெட்கம்? எனக்கு ஒன்றும் பொருந்தி வரவில்லை. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

"என்ன ஆவப் போவுது" என்று கேட்டீர்கள். என்ன ஆகியிருக்கிறது என்று கேளுங்கள்.

தேன்மொழி இப்போது மாசமாக இருக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று கும்பகோணத்தில்தான் இருக்கிறாள். ஆனி பிறந்ததும் ஏழாம் மாதம், வளைகாப்பு. முறைப்படி தாய் வீட்டார் வளையலும் சாதமும் கொண்டுபோய்ப் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டி வர வேண்டும். உங்கள் தம்பி மனைவி சொல்கிறார், அஞ்சம்மாள் மன்னிப்புக் கேட்டால்தான் வாசலில் ஏறலாம், இல்லாவிட்டால் பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று. நான் அஞ்சம்மாளைப் போய்ப் பார்த்தேன். நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த மன்னிப்புன்னு சொல்லிட்டுப் போயிட்டு வந்துடுங்கம்மா" என்றேன்.

"காசுக்குப் பாடுனேன்னு ஒத்துக்கிட்டுப் போவணுமா? நாளைக்கு எம்பேரப் புள்ள வந்து, ஏன் பாட்டி எங்க தாத்தாக்கிட்ட கை நீட்டுனேன்னு கேட்டா என்னா சொல்றது? ஒரு காலத்துல கை நீட்டினதுதான், இல்லங்கல. எம்பொண்ணு கல்யாணத்துல நீட்டல."

போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். "மாமா, அவங்க எல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. மாமனாரு டெய்லி காலையில தனியா உக்காந்து போன்ல அம்மா பாட்டக் கேக்குறாரு. நான் உள்ள போனா அணைச்சுடுறாரு. ஆனா அம்மாவ வரச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறாரு. யாராவது ஒருத்தர் உண்மையச் சொன்னா அவரு சரின்னுடுவாரு மாமா. அம்மா இல்லாம நான் எப்புடிப் புள்ள பெத்துக்கிறது?" என்றாள்.  எனக்குத் தெரிந்த உண்மையை மைக்கிலேயே சொல்லிவிட்டேன். என் பேச்சு எடுபடவில்லை. உங்கள் பேச்சு எடுபடும். அது ஒன்றுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம்.

மலர் வெளியீட்டு விழா அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கலியமூர்த்தி வீட்டில் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கி உங்கள் பெயரைப் படித்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அஞ்சம்மாளுக்கும் கொடுத்திருக்கிறேன். ருக்குமணியம்மா கட்டாயம் வருகிறாராம், தோரணத்தில் கை வைக்க மாட்டாராம்.

ஐயா, இந்தக் கட்டுரையின் ஒரு படியை விழாவுக்கு முன்பே உங்கள் வீட்டில் சேர்த்துவிடுகிறேன். மலரை வெளியிட நீங்கள் மேடையில் எழுந்து நிற்பீர்கள். எல்லா விழாவிலும் செய்கிற மாதிரி வந்திருக்கிறவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்வீர்கள். ஒரு பெயரையும் விட மாட்டீர்கள் என்று உங்களுக்குப் பேர். அன்றைக்கு அஞ்சம்மாள் பெயரையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பாட்டில் தம்பி பெயரைப் போடச் சொன்னது யார், மண்டபத்தில் அதை இல்லை என்றது ஏன், இந்த இரண்டுக்கும் அங்கேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். எனக்குத் தனியாகச் சொன்னது போதும்.

முழங்கால் வலித்தாலும் அன்று மேடைக்கு மைக் நான்தான் கட்டுகிறேன். நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கையில் கொடுப்பேன். வயர் கோளாறு என்று சொல்ல முடியாது. சொல்லுங்கள்.